மான்செராட் தீவில் ஒரு சேலம்: அந்த ஏர் ஸ்டுடியோவில் அப்படி என்ன இருந்தது?

அம்மாபேட்டை கேசட் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடையில் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்ங்கற இங்கிலீஷ் ராக் பேண்டோட 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' கேசட் 40 ரூபாய்க்குக் கிடைச்சுது. அட்டை வெயில்ல வெளுத்து, வானத்து நிறமெல்லாம் போய், அந்த உலோகக் கிதார் மட்டும் தெரியுது. உள்ள மடிச்சு வெச்ச தாளைப் பிரிச்சா, பொடி எழுத்துல 'ஏர் ஸ்டுடியோஸ், மான்செராட்'னு போட்டிருக்கு. லண்டன், நியூயார்க்னு ஏதாவது இருக்கும்னு நெனச்சவனுக்கு இது எந்த ஊருன்னே புரியல. மேப்ல தேடினா கரீபியன் கடல்ல ஒரு புள்ளி. பெருசாக்கிப் பாத்தா, ஸ்டுடியோ இருந்ததா சொல்ற இடத்துக்குப் பக்கத்துல ஒரு ஊர் பேரு: சேலம். நான் பொறந்து வளந்தது சேலம் அம்மாபேட்டை. ராத்திரி பதினோரு மணிக்குத் தனியா உக்காந்து சிரிச்சிட்டிருந்தேன், வீட்ல ஒரு மாதிரி பாத்தாங்க.

நெசமாவே கேக்கறேன். இவ்வளவு பெரிய பேண்டுங்க எதுக்கு அவ்வளவு தூரம் போய்ப் பதிவு பண்ணாங்க? வேற எந்த ஆல்பமெல்லாம் அங்க பண்ணது? அந்த எடத்தோட சத்தம்னு ஏதாவது காதுல கேக்குதா, இல்ல நாமளா கற்பனை பண்ணிக்கறதா? ஸ்டுடியோ இப்ப இருக்கா?

கிதார்க்கிறுக்கன்:

பட்டியல் நான் தர்றேன், வரலாறு பெரியவங்க யாராவது சொல்லட்டும். போலீஸ் பேண்டோட 'கோஸ்ட் இன் தி மெஷின்' (1981, கொஞ்சம் கனடாவுலயும்), 'சின்க்ரோனிசிட்டி' (1983). பால் மெக்கார்ட்னியோட 'டக் ஆஃப் வார்' ஆல்பத்துல கொஞ்சம், 'எபனி அண்ட் ஐவரி' பாட்டுக்காக ஸ்டீவி வொண்டர் அங்கதான் வந்தாரு. எல்டன் ஜானோட 'டூ லோ ஃபார் ஜீரோ', 'பிரேக்கிங் ஹார்ட்ஸ்'. ஜிம்மி பஃபெட்டோட 'வால்கேனோ'. கடைசியா 1989ல ரோலிங் ஸ்டோன்ஸ். அந்த ஆல்பம் பேரு 'ஸ்டீல் வீல்ஸ்'. சேலத்துக்குப் பக்கத்துல ஸ்டீல்! இதை நீங்க எப்படி விட்டீங்கன்னு தெரியல.

சத்தத்தைப் பொறுத்தவரை, கண்டிப்பா கேக்குது பாஸ். கடல் காத்து, வெயில், எல்லாம் அந்த ரெக்கார்டுகள்ல இருக்கு. 'எவ்ரி பிரெத் யூ டேக்' கிதார் எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாருங்க. லண்டன் மழையில அது வராது.

ஸ்பூல்காரர்:

பட்டியல் சரி. காரணம் சரியில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங் தியேட்டர்களில் 26 வருஷம் டேப்போடு குப்பை கொட்டியவன். மைக் ஸ்டாண்ட் தூக்கும் பையனாகச் சேர்ந்து, ஒலியைக் கலக்கும் கன்சோலுக்கு முன்னால் உட்கார எட்டு வருஷம் ஆனது. அதனால் 'அறையின் சத்தம்' என்று யாராவது சொன்னால் உடனே அறையின் அளவைத்தான் கேட்பேன்.

'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1984 கடைசியிலும் 1985 தொடக்கத்திலும் அங்கே பதிவானது. வாசிக்கும் அறை சுமார் 20 அடிக்கு 25 அடி. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் அறை சில சமயம் இதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குள் டிரம்ஸ் ஒரு மூலையில். பியானோ, ஆள் நுழைந்தால் திரும்ப முடியாத ஒரு பூத்தில். ஹாமண்ட் ஆர்கன் அதன் பக்கத்தில், ஆனால் ஆர்கனின் லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டிக்கு உள்ளே இடமில்லை. சத்தம் வெளியே போகாமலிருக்க இரட்டைக் கதவு போடுவோமே, அந்த இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் அதைத் திணித்தார்கள். பேஸ் ஆம்ப், பாடுபவருக்கான ஒரு சின்ன பூத்தில். கீபோர்டுக்காரர் கன்ட்ரோல் ரூமிலேயே உட்கார்ந்து வாசித்தார். பதிவு செய்த நீல் டோர்ஃப்ஸ்மேனே பின்னாளில் சொல்லியிருக்கிறார், அந்த அறையின் ஒலி பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று. கடல் காற்றாவது வெயிலாவது. ஏசி போட்டு, கதவை அடைத்த அறைக்குள் காற்று எங்கிருந்து வரும்?

அப்படியானால் அந்த ஆல்பத்தில் வரும் 'மணி ஃபார் நத்திங்' பாட்டின் கிதார்? அந்த மூக்கடைத்த, கரகரத்த குரல் மாதிரி சத்தம்? அது தற்செயல். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் பாடகரும் கிதார்க்காரருமான மார்க் நாஃப்லருக்கு இசட்இசட் டாப் பேண்டின் பில்லி கிப்பன்ஸ் சத்தம் மாதிரி வேண்டும் என்று ஆசை. ஆம்புக்கு முன்னால் இரண்டு மூன்று மைக்கை ஸ்டாண்டில் மாட்டியாகிவிட்டது, இன்னும் நேராக வைக்கவில்லை. ஒன்று தலை கவிழ்ந்து தரையைப் பார்க்கிறது. இன்னொன்று ஸ்பீக்கரைப் பார்த்தும் பார்க்காமலும் ஒரு பக்கமாக நிற்கிறது. சும்மா ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம் என்று நாஃப்லர் தந்தியை இழுக்க, கன்ட்ரோல் ரூமில் டோர்ஃப்ஸ்மேன் காதில் அது விழுந்தது. எதையும் தொடாதே என்று உள்ளே இருந்த ஆளிடம் சொல்லிவிட்டு அப்படியே பதிவு செய்துவிட்டார். மிக்ஸிங்கில்கூட அதன்மேல் வேறு வேலை செய்யவில்லையாம்.

நம் பிழைப்பில் வழக்கம் என்னவென்றால், ஸ்பீக்கர் துணிக்கு ஒன்றிரண்டு அங்குலம் தள்ளி, கூம்பின் விளிம்பைப் பார்த்து மைக் வைப்போம். தரையைப் பார்க்கும் மைக்குக்கு நேரடிச் சத்தத்தோடு தரையில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்து வரும், நூலிழை தாமதமாக. இரண்டு மைக்கையும் கலக்கும்போது சில சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், சில தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த மூக்கடைப்பில் இதற்கும் பங்கு உண்டு. இதைத் தெரிந்தே செய்யச் சொன்னால் யாராலும் முடியாது.

ஒரு தடவை எனக்கும் இப்படி வாய்த்தது. நாகஸ்வரம், தவில் பதிவு. ஸ்டாண்டின் திருகு தளர்ந்து, தவிலுக்கு வைத்த மைக் மெல்ல மெல்லக் குனிந்து தரையைப் பார்த்துவிட்டது. தொப்பிப் பக்கத்துச் சத்தம் அப்படியே அடிவயிற்றில் வந்து விழுந்தது. உள்ளே இருப்பவர்களோடு பேசும் டாக்பேக் பட்டனை நான் அழுத்துவதற்குள் அசிஸ்டென்ட் பையன் பொறுப்பாக ஓடிப்போய் மைக்கை நிமிர்த்திவிட்டான். எவ்வளவோ பார்த்துவிட்டேன், அது திரும்ப வரவேயில்லை. அவனைத் திட்டவும் முடியவில்லை, அவன் செய்தது சரியான வேலை.

இனி, எதற்கு அவ்வளவு தூரம் போனார்கள் என்ற கேள்வி. இந்த ஸ்டுடியோவைக் கட்டியவர் ஜார்ஜ் மார்ட்டின், பீட்டில்ஸின் தயாரிப்பாளர். இஎம்ஐ ரெக்கார்டு கம்பெனி வேலையை விட்டுவிட்டு 1965ல் கூட்டாளிகளோடு ஏர் கம்பெனி தொடங்கினார். 1970ல் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் ஸ்டுடியோ. அப்புறம் ஊருக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லாத இடத்தில் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. கப்பலிலேயே ஸ்டுடியோ கட்டலாமா என்றுகூட யோசித்து, எண்ணெய் விலை ஏறியதும் விட்டுவிட்டார். கடைசியில் 1979ல் மான்செராட். முழுத் தீவே 16 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலம், அன்றைக்கு மக்கள்தொகை சுமார் 12,000. லண்டனில் இருந்த அதே தரத்துக் கருவிகள், கூடவே தங்க வீடு, சமையல், நீச்சல்குளம்.

எனக்குத் தெரிந்து அங்கே போனதன் பலன் ஒன்றே ஒன்றுதான்: கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது.

'சின்க்ரோனிசிட்டி' செய்த கதை தெரியுமா? போலீஸ் பேண்டில் மூன்றே பேர், மூவருக்கும் ஒத்துப்போகவில்லை. பதிவு செய்தவர் ஹ்யூ பாட்கம். டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லேண்டைச் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார், அங்கே சத்தம் நன்றாக முழங்கியதால். ஆண்டி சம்மர்ஸ் ஸ்டுடியோ அறையில். ஸ்டிங் கன்ட்ரோல் ரூமில். ஆளுக்கு ஒரு ஹெட்போன், நடுவில் வீடியோ இணைப்பு. காரணம் சத்தம் மட்டும் அல்ல, ஒரே அறையில் விட்டால் வேலை நடக்காது என்பதும்தான். ஒரு கட்டத்தில் ஆல்பமே நின்றுவிடும் போலிருந்தது. சம்மர்ஸ் வெயிலில் நடந்து ஜார்ஜ் மார்ட்டின் வீட்டுக்கே போனார், நீங்கள் வந்து தயாரித்துக் கொடுங்கள் என்று கேட்க. பெரியவர் டீ கொடுத்து, பேச்சுக் கொடுத்து, உங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கூட்டுக்குடும்பத்துச் சண்டையில் ஊர்ப் பெரியவர் செய்வதும் இதுதான்.

திரும்பி வந்தவர்கள் முடித்தார்கள். 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டுக்கு ஸ்டிங் கொண்டுவந்த மாதிரிப் பதிவில் ஹாமண்ட் ஆர்கன்தான் நிறைந்திருந்தது. போய் உன் இஷ்டத்துக்கு வாசி என்று சம்மர்ஸை விட்டார். அவர் ஒரே டேக்கில் வாசித்ததுதான் இன்றைக்கு உலகமே முணுமுணுக்கும் அந்தக் கிதார். கிதார்க்கிறுக்கன் தம்பி, அதில் நீங்கள் கேட்கும் பளிச்சு கரீபியன் வெயில் அல்ல. சுற்றிலும் எதுவும் இல்லை, அதுதான் பளிச்சு. டிரம்ஸ் எங்கோ இருக்கிறது, கிதார் தனியாக நிற்கிறது, நடுவில் வெறும் இடம். மூன்று பேர் மூன்று அறையில் இருந்தால் பாட்டு அப்படித்தான் வரும்.

கிதார்க்கிறுக்கன்:

சரி சார், தரையைப் பாத்த மைக்குக்காக ஒத்துக்கறேன். ஆனா சண்டை போட்டவங்களுக்கு மட்டும்தான் அந்தத் தீவுன்னு சொன்னா எப்படி? எல்டன் ஜான் அங்க சந்தோஷமா இருந்திருக்காரு. பழைய பேண்ட் ஆளுங்களை மறுபடி கூட்டிட்டுப் போய்ப் பண்ணதுதான் 'டூ லோ ஃபார் ஜீரோ'. 'ஐம் ஸ்டில் ஸ்டாண்டிங்' கேட்டா அது கோவத்துல பண்ண மாதிரியா இருக்கு?

ராத்திரி ரேடியோ:

மெக்கார்ட்னி விஷயமும் வேற மாதிரிதான். பீட்டில்ஸ்ல மெக்கார்ட்னிகூட இருந்த ஜான் லெனான் சுடப்பட்டது 1980 டிசம்பர். மெக்கார்ட்னி மான்செராட் போனது 1981 பிப்ரவரி, ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. லண்டன்ல இருந்திருந்தா வாசல்ல கேமராவும் கூட்டமும்தான். தீவுல யாரும் துரத்தல.

அந்த நாட்கள்ல அமெரிக்கப் பாடகர் கார்ல் பெர்கின்ஸ் அங்க வந்தாரு. பீட்டில்ஸ் சின்னப் பசங்களா இருந்தப்போ அவர் பாட்டைப் பாடி வளந்தவங்க. கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி நன்றி சொல்ற மாதிரி ஒரு பாட்டு எழுதி, காலையில மெக்கார்ட்னிகிட்ட பாடிக் காட்டறாரு. பழைய சிநேகிதா, அப்பப்போ என்னையும் நெனச்சுக்கோன்னு வர்ற ஒரு அடி. மெக்கார்ட்னி எழுந்து வெளிய போயிட்டாரு, கண்ல தண்ணி. பெர்கின்ஸுக்கு ஒண்ணும் புரியல. லெனான் கடைசியா மெக்கார்ட்னிகிட்ட சொன்ன வார்த்தையும் கிட்டத்தட்ட அதுதான்னு மெக்கார்ட்னியோட மனைவி லிண்டா அப்புறமா சொல்லியிருக்காங்க. பெர்கின்ஸே பின்னாடி பல தடவை சொன்ன கதை.

இதுல ஸ்டுடியோவோட பங்கு என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல. எழுந்து வெளிய போறதுக்கு ஒரு தோட்டம் இருந்துச்சு, அவ்வளவுதான்.

வினைல் வீரபாகு:

கேள்வி கேட்டவருக்கு ஒரு நல்ல சேதி. உங்க 40 ரூபாய் கேசட்ல இருக்கறது என் எல்பி இசைத்தட்டுல இல்ல. 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' முழு நீளம் சிடியிலயும் கேசட்லயும்தான். எல்பியில இடம் போதாம சில பாட்டுகளை வெட்டிட்டாங்க. 'வை வொரி' சிடியில எட்டரை நிமிஷம், எல்பியில அஞ்சேகால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. 'மணி ஃபார் நத்திங்'லயும் ஒரு நிமிஷத்துக்கு மேல போச்சு. நான் இறக்குமதிப் பிரதின்னு பெருமையா 2,800 ரூபாய் குடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து கேட்டப்பதான் தெரிஞ்சுது.

டேப் பிரியருக்கு இன்னொண்ணு. இந்த ஆல்பம் சோனியோட 24 ட்ராக் டிஜிட்டல் டேப்ல பதிவானது. சிடியில பத்து லட்சம் வித்த முதல் ஆல்பமும் இதுதான். அதனால எல்பிதான் ஒரிஜினல் சத்தம்னு வாதாடற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இந்த ஆல்பத்துல மட்டும் வாய் இல்ல.

அம்மாபேட்டை கேசட்:

அண்ணா, கடிகாரம் வெச்சுப் பாத்தேன். என் கேசட்ல 'வை வொரி' எட்டரை நிமிஷம் ஓடுது! நடுவுல ஒரு எடத்துல டேப் சுருங்கி அழற மாதிரி ஒரு சத்தம் வருது, பரவால்ல.

ஸ்பூல்காரர் ஐயாவுக்கு ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம் பாக்கி. 'மணி ஃபார் நத்திங்' தொடக்கத்துல பாடற குரல் ஸ்டிங் மாதிரியே இருக்கே, அவரேதானா? அப்புறம் ஸ்டுடியோ இப்ப என்ன ஆச்சு? வாழ்க்கையில ஒரு தடவை இந்தச் சேலத்துலருந்து அந்தச் சேலத்துக்குப் போகணும்னு ஆசையா இருக்கு.

ஸ்பூல்காரர்:

எல்டன் ஜான் விஷயத்தில் கிதார்க்கிறுக்கன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். சந்தோஷமாக இருப்பவர்களும் வீட்டுக்குப் போகாமல் இருந்தால் நல்லதுதான்.

ஸ்டிங்கேதான். விடுமுறைக்கு வந்த இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவர் பாடிக் கொடுத்த அந்த ஒற்றை வரியின் மெட்டு, போலீஸ் பேண்டின் 'டோன்ட் ஸ்டாண்ட் சோ க்ளோஸ் டு மீ' பாட்டின் மெட்டு. அதனால் பாட்டை இயற்றியவர்கள் வரிசையில் அவர் பெயரும் ஏறியது. கேட்டது அவருடைய பதிப்புரிமைக்காரர்கள், அவருக்கே அதில் கூச்சம்தானாம். அந்தக் குரலுக்குப் பின்னால் கிளம்பி, எழும்பி எழும்பி வரும் டிரம்ஸைக் கவனியுங்கள். அது பேண்டின் டிரம்மர் டெர்ரி வில்லியம்ஸ் வாசித்தது. கிதார் நுழைந்த பிறகு வாசிப்பவர் வேறு ஆள், ஓமர் ஹக்கிம். வில்லியம்ஸின் வாசிப்பு சரிப்படவில்லை என்று ஹக்கிமை வரவழைத்து, ஆல்பத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் மறுபடி வாசிக்க வைத்தார்கள். அந்தத் தொடக்கத்தை மட்டும் யாருக்கும் விட மனசு வரவில்லை. ஒரே பாட்டுக்குள் ஒருவர் போய் இன்னொருவர் வருவது தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்டுடியோ இல்லை. 'ஸ்டீல் வீல்ஸ்' கடைக்கு வந்தது 1989 ஆகஸ்ட் கடைசியில். மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 17 அன்று ஹ்யூகோ சூறாவளி தீவை அடித்தது. கட்டடம் மொத்தமாக விழுந்துவிடவில்லை. ஆனால் கரண்ட் போனது, கரண்ட் போனால் ஏசி போனது, அந்த ஈரத்தில் கருவிகள் வாரக்கணக்கில் கிடந்தன. ஜார்ஜ் மார்ட்டின் வந்து பியானோ மூடியைத் தூக்கிப் பார்த்தபோது கட்டைகள் முழுக்கப் பச்சையாகப் பூஞ்சை. இனி முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது அவருக்கு.

இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. நான் கடைசியாக வேலை பார்த்த தியேட்டரை மூடி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பூட்டியே வைத்திருந்தார்கள். ஏதோ கணக்கு பார்க்க என்னைக் கூப்பிட்டபோது கன்சோல்மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். ஃபேடர்களின் பித்தளைத் தண்டில் பச்சைக் களிம்பு. ஒன்றைத் தள்ளினேன், பாதியில் நின்றுவிட்டது. விரலில் ஒட்டிய களிம்பு வாசனை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டும் போகவில்லை.

பழுது பார்த்திருக்கலாமே என்பீர்கள். ஆறு வருஷம் கழித்து, 1995 ஜூலையில், சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை விழித்துக்கொண்டது. தலைநகர் பிளிமத் சாம்பலுக்கும் சேற்றுக்கும் அடியில் போனது. 1997 ஜூனில் 19 பேர் இறந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் தீவை விட்டே போய்விட்டார்கள். ஜிம்மி பஃபெட் 1979ல் அங்கே செய்த ஆல்பத்துக்கு 'வால்கேனோ' என்று பெயர் வைத்தது இதே மலையைப் பார்த்துத்தான். அன்றைக்கு அது தூங்கிக்கொண்டிருந்தது, வேடிக்கையாக வைத்த பெயர்.

1997 செப்டம்பரில் ஜார்ஜ் மார்ட்டின் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தீவுக்காக நிதிக் கச்சேரி நடத்தினார். மெக்கார்ட்னி, எல்டன் ஜான், ஸ்டிங், நாஃப்லர், கார்ல் பெர்கின்ஸ், பஃபெட் எல்லாரும் மேடையேறினார்கள். அவருடைய முயற்சியில் தீவில் ஒரு கலாசார மையமும் எழுந்தது. ஸ்டுடியோவின் இடிபாடு குன்றின்மேல் இன்னும் நிற்கிறது, காடு மண்டி, நீச்சல்குளமும் பாழாகி. போக ஆசைப்பட்டால் பக்கத்துத் தீவான ஆண்டிகுவா வழியாகப் போகலாம். அந்தச் சேலத்தில் மாம்பழம் கிடைக்கும், ஆனால் நம் மல்கோவாவை எதிர்பார்க்காதீர்கள்.

அந்த டேப் அழுகிற இடத்துக்கு ஒரு வைத்தியம். பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், காய விடுங்கள். பிறகு கேசட்டை ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, அப்படியே திருப்பிச் சுற்றுங்கள், நடுவில் நிறுத்தாமல். அதற்குமேலும் அழுதால் உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டையைப் பார்க்க வேண்டும். ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், சொல்கிறேன்.